லேமினேஷன் போட்ட பெர்மிட்: இலங்கையில் எங்களுக்குக் கார் கிடைக்காத கதை

கடைக்காரர் அந்த அட்டையின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். நான் முதலில் கவனித்தது அதைத்தான். பிறகு எடுத்து வைத்திருந்த கார் சாவியைத் திரும்ப மேசைக்குள் போட்டார்.

போன ஆவணியில் அம்மா, அண்ணன், நான் மூவரும் இலங்கை போனோம். ஹட்டனில் வாழ்க்கைப்பட்ட பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. முகூர்த்தச் சேலை பெண்ணுக்குச் சித்தியான தன் வீட்டிலிருந்துதான் வரும் என்று அம்மா போனிலேயே சொல்லியிருந்தாள். சேலை எங்கள் பையில் இருந்தது.

அண்ணன் சங்கரன்கோவிலில் தறிக் கூடங்களுக்கு லோடு வண்டி ஓட்டுகிறான். இலங்கையிலும் நம்மைப் போல வண்டிகள் இடப்பக்கம்தான் போகும் என்பதால், வாடகைக் கார் எடுத்துத் தானே ஓட்டுவதாகச் சொன்னான். ஆயிரம் ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வாங்கினான். அது ஒரு சிறு புத்தகம். கடைசிப் பக்கத்தில் போட்டோ இருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பியதும், கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் நாளுக்கு 9,000 இலங்கை ரூபாய்க்குக் கார் பேசி முடித்தார்கள். உள்ளூர் அனுமதியையும் அவர்களே வாங்கி வைத்தார்கள்.

நான் பத்தாவதோடு நின்றுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதல் வேலை லேமினேஷன்தான். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் கடைக்கு வந்தான்.

“ஏட்டி, இந்தப் போட்டோ பக்கத்த மட்டும் வெட்டி லேமினேசன் போடு. வேர்வை பட்டா அழிஞ்சிரும்.”

கத்தரியை வைத்ததும் பார்த்தேன். வட்ட முத்திரை போட்டோ பக்கத்திலும் எதிர்ப்பக்கத்திலும் பாதிப் பாதி விழும்படி குத்தியிருந்தது. வெட்டக் கூடாதோ என்று தோன்றியது. முதலாளியும் நாலு ஆட்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வெட்டி மெஷினுக்குள் விட்டேன். மீதிப் புத்தகம் வீட்டு பீரோவில் தங்கிவிட்டது.

மதுரைக்கு 120 கிலோமீட்டர். அங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். மாலையில் இறங்கி லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை ஐந்து மணிக்கு அந்தக் கார் கடையில் நின்றோம்.

“மிச்சப் பக்கமெல்லாம் எங்க தம்பி?”

“ஊர்ல இருக்கு. இதுல போட்டோ, பேரு எல்லாம் இருக்குல்லா?”

“ஒத்தப் பக்கத்துக்கு வாகனம் தர ஏலாது. பொலிஸ் மறிச்சா உங்களுக்கும் கரைச்சல், எங்களுக்கும் கரைச்சல்.”

“ஏழு வருசமா லோடு வண்டி ஓட்டுதேன் அண்ணாச்சி. ஓட்டிக் காட்டட்டுமா?”

“நீங்க கப்பலே ஓட்டுங்க தம்பி. எனக்குப் புத்தகம் வேணும்.”

அண்ணன் விடவில்லை. ஏழு மணிக்குத் திறந்த கடை, எட்டு மணிக்குத் திறந்த கடை, இரண்டிலும் கேட்டான். அதே பதில். எட்டேகாலுக்கு, ஓட்டுநரோடு ஒரு வேன் 28,000 இலங்கை ரூபாய்க்குக் கிடைத்தது.

“ஏலே, புத்தகத்த வெட்டிக் காலண்டர் அட்ட மாதிரில்லா கொண்டாந்திருக்க!” என்று அம்மா தொடங்கினாள்.

“கூடாதுன்னா ஜெராக்ஸ் கடையிலயே சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேம்மா.”

கடையில் இருந்தது நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹட்டனுக்கு 130 கிலோமீட்டர். கித்துல்கல தாண்டியதும் மழை; லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். இப்படிப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெர்மிட் புத்தகத்தை முழுதாகக் கொண்டு போங்கள், கூடவே அசல் லைசென்ஸையும். ஒரு பக்கத்தையும் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். ஒரு கடை முடியாது என்றால் உடனே வேனைப் பிடியுங்கள். நாங்கள் ஐந்தரைக்கே பிடித்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம்.

மண்டபத்தில் இறங்கும்போது மணி ஒன்று ஐந்து. பதினொன்றரை வரை காத்திருந்துவிட்டு, பக்கத்து வீட்டம்மாவின் பட்டுச் சேலையை உடுத்தி அக்காவுக்குத் தாலி கட்டிவிட்டார்கள். பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், “எல்லாம் இந்தப் பய பண்ணுன கூத்து” என்று சொன்னாள். அண்ணன் பந்திக்கு வராமல் வாசலில் நின்றான்.

நான் பாதி இலையில் எழுந்தேன். அம்மாவைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். எச்சில் கையோடு அவர்கள் நடுவே போய் நின்று, “அவன ஏசாதம்மா. வெட்டக் கூடாதுன்னு எனக்கு அன்னைக்கே தோணிச்சு. நான்தான் வாயத் தொறக்கல” என்றேன்.