ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர்

அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரேங்க், ரிசல்ட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. அவ தனியா இருக்கப்படாது. அப்படி ஒரு ஸ்கூல் காட்டுங்கோ, போதும்."

தி. நகரில், பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில், மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பிரிட்டனின் உறைவிடப் பள்ளிகளுக்கு இங்கிருந்து பிள்ளைகளை அனுப்பிவைப்பது எங்கள் தொழில். பெற்றோரிடமும் பிள்ளையிடமும் பேசி, பொருத்தமான பள்ளிகளாகச் சிலவற்றைப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம்.

அவர் மந்தைவெளிக்காரர், ஆடிட்டர். மாதத்தில் பாதி நாள் வெளியூர்ப் பயணம். மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பதினான்கு வயது மகள் பள்ளி விட்டு வந்து தானே பூட்டைத் திறந்து உள்ளே போவாள். ஒருநாள் அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே ஊரிலிருந்து திரும்பிவிட்டார். வீடு இருட்டாகக் கிடந்தது. மகள் சீருடையைக்கூட மாற்றாமல், மின்விசிறியும் போடாமல், கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாளாம். "எத்தனை நாளா இப்படின்னு கேட்டேன். தினமும்தான்ப்பான்னா" என்றார்.

இங்கிலாந்தில் மனைவியின் தம்பி இருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைக்கு அங்கே உள்ளூரில் ஒரு பாதுகாவலர் இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை அவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் இங்கிலாந்து.

மகள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். நான் எதைக் கேட்டாலும் முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹாஸ்டல் எப்படிண்ணா இருக்கும்?" என்று மட்டும் அவளாகக் கேட்டாள்.

"ஒரே சத்தமா இருக்கும். படிக்கவே விடமாட்டாங்க."

சிரித்துவிட்டாள். அவர் அந்தச் சிரிப்பைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு நாள் கழித்து என்று நான் கேட்கவில்லை.

அந்த அலுவலகத்தில் விடுதியில் வளர்ந்தவன் நான் ஒருவன்தான். பட்டினப்பாக்கத்தில் எங்களுடையது மீன் விற்கும் குடும்பம். அப்பா, சித்தப்பா, மாமன்கள் யாரும் பள்ளிக்கூடத்தில் நிலைத்ததில்லை. நான்தான் முடித்த முதல் ஆள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை செங்கல்பட்டுப் பக்கம் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய விடுதியில் இருந்தேன். எங்கள் மேலாளர் அம்மா புதிதாக வருகிறவர்களிடம், "ஹாஸ்டல்னா இவன்கிட்ட கேளுங்க. சாம்பாரை மோந்து பாத்தே எந்த ஹாஸ்டல்னு சொல்லுவான்" என்பார். கேலிதான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

கடைசியில் இரண்டு பள்ளிகள் நின்றன. ஒன்று பெரியது. ஹாங்காங், நைஜீரியா, துபாய் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள். இன்னொன்று சிறியது. பெண்கள் விடுதியில் நாற்பத்திரண்டு பேர், பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள். ஒவ்வொரு பெண்ணின் பிறந்தநாளுக்கும் தானே கேக் செய்வதாக அதன் விடுதித் தலைவி எழுதியிருந்தார்.

அவர் பெரிய பள்ளியின் அறிமுகப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க கும்பல் ஜாஸ்தியா இருக்கே, அது நல்லதில்லையோ?" என்று இழுத்தார்.

"கூட்டத்துலதான் சார் பிள்ளைங்க தொலைஞ்சு போவாங்க. நாப்பது பேர்னா குடும்பம் மாதிரி."

"நீங்க இருந்து பாத்தவர். சொன்னா சரி" என்று அந்தப் புத்தகத்தை மூடி வைத்தார்.

அன்று மாலை வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா விற்காத மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தது.

"கடலத் தாண்டி இன்னாத்துக்குடா அனுப்புறாங்க? இங்க பள்ளிக்கூடமே இல்லியா?"

"அம்மா இல்லாத பொண்ணும்மா. வீட்ல தனியா கீது."

"அம்மா இல்லாத பொண்ணப் போய் யாரானா தூரமா அனுப்புவாங்களா நைனா? நீயும் இதுக்கு சம்பளம் வாங்கிக்கினு கீற."

உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

செப்டம்பரில் அவள் போனாள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கைபேசியில் அழைத்தாள். அங்கே மதியம். மாமா வீட்டுக்குப் போவதற்கான அனுமதிப் படிவத்தில் ஒரு சந்தேகம் என்றாள். சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை.

"வேற என்னம்மா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எங்க? சத்தத்தையே காணோம்."

"யாரும் இல்லண்ணா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் அவாவா ஆத்துக்குப் போயிடுவா. ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் வருவா."

"எல்லாருமா?"

"கொரியாப் பொண்ணு ஒருத்தி இருப்பா. இந்த வாரம் அவளும் அவ அத்தையாத்துக்குப் போயிட்டா."

"மாமா?"

"மாமாவுக்கு ஆஸ்பத்திரில ஷிஃப்ட். மாசத்துல ஒரு தடவை அழைச்சுண்டு போறார்." பிறகு அவசரமாக, "அப்பாகிட்ட சொல்லாதீங்கோண்ணா. இப்பதான் கொஞ்சம் சாப்பிட ஆரம்பிச்சிருக்கார்னு பக்கத்தாத்து மாமி சொன்னா" என்றாள்.

சரி என்றேன்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பள்ளியின் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது: மாணவிகள் வார இறுதியில் வீட்டுக்குச் சென்றுவரலாம். நான் அதை முன்பே படித்திருந்தேன், பென்சிலால் கோடும் போட்டிருந்தேன். மாமா வந்து அழைத்துப்போகலாமே என்று அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டிருந்தேன். வட்டாரத்துப் பிள்ளைகள் என்றால் வீடு பக்கத்திலேயே இருக்கும், வீடு பக்கத்தில் இருந்தால் வெள்ளிக்கிழமை போய்விடுவார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அறிந்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். எவனும் வீட்டுக்குப் போகமாட்டான், போக முடியாது. பூசை முடிந்ததும் வாசலில் அம்மாக்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். ஒருத்தன் வறுவலை நாலு பேர் பிடுங்கித் தின்போம். அம்மா வராதவனுக்கும் அன்று ஒரு துண்டு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு பள்ளியைக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

தெரிந்த பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பள்ளியிலிருந்து விலக ஒரு பருவம் முழுக்க முன்னறிவிப்பு வேண்டும். ஜனவரியில் பருவம் தொடங்குவதற்குள் அவர் எழுதிக் கொடுத்திருந்தால் ஏப்ரலில் அவளை வேறு பள்ளிக்கு மாற்றியிருக்கலாம். அந்தத் தேதி என் மேசை நாட்காட்டியிலேயே இருந்தது. அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. தப்பான பள்ளியைக் காட்டிவிட்டேன் என்று மேலாளர் அம்மாவிடம் சொல்ல எனக்குப் பயம்.

டிசம்பரில் லஸ் முனையில் அவரைப் பார்த்தேன். கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ லீவுக்கு மாமா ஆத்துல இருக்கா தம்பி. ஜனவரிலேர்ந்து மறுபடி ஸ்கூல். ஸ்கூல்ல இருந்தப்போ ஞாயித்துக்கிழமை அவகூடப் பேசினா பின்னாடி ஒரே சத்தம். என்னடின்னா, ஃப்ரெண்ட்ஸ்ங்கறா. என் பேச்சே அவளுக்குக் கேக்கல, அவ்ளோ கும்மாளம். நீங்க நன்னா இருக்கணும்."

எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விடுதியின் பொது அறையில் பெரிய டி.வி. ஒன்று உண்டு. புத்தகத்தில் படம் போட்டிருந்தார்கள்.

"சந்தோஷம் சார்" என்றேன். ஜனவரித் தேதிக்கு அப்போது பதினைந்து நாள் இருந்தது.

பிப்ரவரியில் அவர் சொல்லாமல் கிளம்பிப் போனார். ஒரு சனிக்கிழமை மதியம் நேராகப் பள்ளிக்கு. திரும்பி வந்து நான்கு நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நாப்பது பேர் சாப்பிடற ஹால் தம்பி. ஒரு மூலையில ஒரு விளக்குதான் எரியறது. அதுக்குக் கீழ ஒரு தட்டு. அவ சாப்பிட்டுண்டிருந்தா. என்னைப் பாத்ததும் அவ சொன்ன மொத வார்த்தை, இன்னிக்குதான்ப்பா இப்படி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"அக்டோபர்ல போன் பண்ணிச்சு சார். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு…"

"அவ குழந்தை. அப்பா பாவம்னு சொல்லாதேன்னா." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன?"

எனக்கு என்ன என்பதை அவரிடம் அன்றும் சொல்லவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன்.

இங்கேயே கூட்டிவந்துவிடலாமே என்று மெதுவாகக் கேட்டேன். "எந்த ஆத்துக்கு?" என்றார்.

பெரிய பள்ளிக்கு நான் கடிதம் எழுதினேன். சனி, ஞாயிறுகளில் விடுதியில் உண்மையில் எத்தனை பேர் இருப்பார்கள், மதிய உணவுக்கு எத்தனை பேர் உட்காருவார்கள் என்று கேட்டேன். விடுதி எப்போதும் நிறைந்துதான் இருக்கும், வார இறுதியில்கூட நூற்றைம்பதுக்குக் குறையாது என்று பதில் வந்தது. செப்டம்பரில் இடம் இருந்தது. அதுவரை, ஜூலையில் பள்ளியாண்டு முடியும் வரைக்கும், அவள் அந்தச் சின்னப் பள்ளியிலேயே இருக்க வேண்டும். அதற்கு வேறு வழி இல்லை.

மே மாதம் விண்ணப்பத்தை நிரப்ப அவர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். மகளைக் கைபேசியில் அழைத்து, எனக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாடங்கள் சொன்னாள், சாப்பாடு சைவம் என்றாள். இந்த முறை அவள் பார்த்துப் பதில் சொல்ல அப்பாவின் முகம் அங்கே இல்லை.

"புது இடத்துல ஞாயித்துக்கிழமைகூட நூத்தம்பது பேருக்குக் குறையாதாம்மா" என்றேன். அவளுக்காகச் சொன்னேனா, அவருக்காகவா, தெரியவில்லை.

"அவ்ளோ பேரா?"

அவர் கைபேசியின் பக்கம் குனிந்தார். "ஆமாண்டி கண்ணா. நன்னா இருக்கும்."

அவள் கேட்டாள்: "தனி ரூம் கிடைக்குமாப்பா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"கேட்டுப் பாக்கலாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. குறித்தேன்.