ஜீப் வராத கரை

பாறசாலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் செத்துப்போனால், ஞானையன் மாமா அதை மைக்கில் சொன்ன பிறகுதான் அவர் முறைப்படி செத்ததாகக் கணக்கு. கோயில் கொடியேற்றம், சபைக் கன்வென்ஷன், பேக்கரித் திறப்பு, காணாமல் போன ஆடு, எந்தக் கட்சியின் பொதுக்கூட்டம் என்றாலும் அனௌன்ஸ்மென்ட் ஜீப்பின் முன்சீட்டில் அவர்தான். காலையில் ஒரு கட்சி நாட்டைக் கெடுத்தது என்பார். மத்தியானம் சோறு தின்றுவிட்டு, அதே கட்சிதான் நாட்டைக் காக்கும் என்பார். இரண்டுக்கும் தொண்டை ஒரே மாதிரி உருகும். முதலில் "மான்யரே" என்று மலையாளத்தில் ஓர் இழுப்பு, மூச்சு விடாமல் "அன்பார்ந்த பெருமக்களே" என்று தமிழில் இன்னோர் இழுப்பு. நாங்கள் பையன்கள் பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவரைப் போலவே பேசுவோம். ஒருமுறை வேதமணித் தாத்தா காலமானார் என்று நான் வாளிக்குள்ளிருந்து அறிவித்தேன். தாத்தாவே மண்வெட்டியோடு வந்து மறுத்தார்.

மாமா வீடும் எங்கள் வீடும் சானலுக்கு இக்கரையில். நெய்யாறு அணைத் தண்ணீர் வரும் கால்வாயைத்தான் சானல் என்போம். ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் அக்கரை. நடுவில் பாலம் என்று நாங்கள் மரியாதையாகச் சொல்வது சேர்த்துக் கட்டிய இரண்டு தென்னந்தடிகளை.

மாமாவின் ஒரே மகள் ஜெஸ்மி. சின்னதில் வந்த போலியோவில் அவளுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். தரையில் எங்களோடு சண்டைக்கு ஓடி வருவாள். தடிமேல் அந்த இரும்பு நிற்காது, வழுக்கும். அதனால் சத்தியபாய் மாமி காலையும் சாயங்காலமும் அவளை முதுகில் சுமந்து தடி கடத்துவாள். எட்டாம் வகுப்பில் ஜெஸ்மி மாமியைவிட உயர்ந்துவிட்டாள்.

"எம்மா, நான் கனமாயிட்டேனா?"

"இல்ல மக்களே, தடி மெலிஞ்சு போச்சு."

எங்கள் கரை ஆண்களுக்கு அரசியல் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. டெல்லியில் அரசு கவிழ்ந்தால் யார் யார் காலை வாரினார்கள் என்று சாயாக் கடையில் விரல் மடக்குவார்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் மெட்ராஸில் ஒரு மந்திரி மாறினால், அங்கே ஓட்டே இல்லாத இவர்களுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. எங்கள் வார்டு மெம்பர் யாரென்று கேட்டால், "அந்தத் தையல்காரியில்லியா?" என்பார்கள். புஷ்பபாய் அக்கா ஜெயித்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

போன வருஷம் ஜனங்களே கூடித் திட்டம் போடும் கிராமசபை வந்தது. வார்டில் ஒரு நடைப்பாலம் கட்டப் பணம் உண்டு, எந்த இடத்தில் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கூடி முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். அதை ஊருக்குச் சொல்லும் வேலை, வேறு யாருக்கு, மாமாவுக்குத்தான். அவர் உற்சாகமாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்: "உங்கள் வார்டு, உங்கள் பாலம், உங்கள் கை!"

ஆனால் சானல் ரோட்டில் ஜீப் கடைசி வளைவுக்கு வரும் முன்பே மாமா மைக்கை அணைத்துவிடுவார். அது அவர் வீட்டு ஏற்பாடு. கல்யாணமான வருஷமே மாமி சொல்லியிருந்தாள்: "இந்த ஒச்சை எனக்க வீட்டுல கேக்கப்பிடாது. வெளிய நீங்க யாருக்கு வேணும்னாலும் பேசுங்க. இஞ்ச வந்தா மனுசனாட்டு பேசணும்." ஆகவே கிராமசபைக்காகச் சுற்றிய நாள்களிலும் அவர் அணைத்தார், தடி கடந்தார், கஞ்சி குடித்தார், திரும்பிப் போனார். ஜீப்பும் இக்கரைக்கு வராது. வருமென்றால் பாலமே வேண்டியிருக்காதே.

வீட்டில் சொல்லாமலும் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டிங்கு உண்டு" என்றார். அவர் வாயில் தினமும் ஒரு மீட்டிங்கு உண்டு. மாமி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ரேஷன் கடைச் சுவரில் நோட்டீஸும் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் மண்ணெண்ணெய் என்றைக்கு வரும் என்று எழுதியிருந்ததை நாங்கள் எல்லோரும் கவனமாகப் படித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரை ராபின்சன் வீட்டு டிவியில் கிரிக்கெட் பார்த்தது. மாமா ஒற்றசேகரமங்கலத்தில் வேறொரு கூலிக்கு, அந்த ஊர்க்காரர்களை அவர்களுடைய கிராமசபைக்கு உருக்கமாக அழைத்துக்கொண்டிருந்தார். மேலே செங்கல் சூளைப் பக்கத்தார் குடும்பத்தோடு பள்ளிக்கூடம் போனார்கள். கைக்குழந்தைகள் மட்டும்தான் கை தூக்கவில்லையாம். பாலம் சூளைக்குப் போனது.

மறுநாள் மாமா தையல் கடைக்கு வந்தபோது, கிழிந்த நிக்கரைத் தைக்கக் கொடுத்துவிட்டு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"மெம்பரே, சூளைப் பக்கம் சானலைக் கடக்க கல்லுப் பலகை கிடக்குதே. அவியளுக்கு எதுக்கு பாலம்? எனக்க மக…"

புஷ்பபாய் அக்கா மெஷினை நிறுத்தினாள். "ஜெஸ்மிக்க காரியம் எனக்குத் தெரியாதா அண்ணா? அதுக்காக்கும் மீட்டிங்குல ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தேன். உங்க கரையில இருந்து ஒரு ஆளு எழும்பிச் சொன்னா நானும் கூட நிக்கலாம்னு. ஒரு காக்கா வரல்ல."

"நான் அல்லியோ அனௌன்ஸ் பண்ணினது! ஊரு முழுக்க எனக்க தொண்டையாக்கும்!"

"ஊரு வந்துது அண்ணா. நீங்க வந்தியளா?"

"அன்னைக்கு எனக்கு வேலை" என்றார். மைக் இல்லாமல் அவ்வளவு சின்னக் குரல் அவருக்கு இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நிக்கரை வாங்காமலே வந்துவிட்டேன்.

வீட்டில் மாமி கேட்டாள்: "எல்லாருக்கும் சொன்னிய. நம்ம கரைக்கு யாரு சொன்னா?"

"நீதானே மைக்க அணைக்கச் சொன்ன?"

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் சொல்லியிருக்கக் கூடாது.

சூளைப் பாலத்தின் திறப்பு விழாவுக்கும் மாமாதான் ஜீப்பில் போனார். கூலி வேலை, மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

அடுத்த மழையில் மாமி தடியிலிருந்து வழுக்கி ஜெஸ்மியோடு சானலில் விழுந்தாள். ராபின்சன் குதித்து இருவரையும் கரையேற்றினான். மாமியின் இடுப்பு பிசகிவிட்டது, அதற்குப் பிறகு குடம்கூடத் தூக்க முடியவில்லை. மாமா விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர். பஸ்ஸில் போகும் தூரத்தில் காரோடு என்ற ஊரில் ஜெஸ்மியின் சித்தி தங்கபாய் வீடு அங்குள்ள பள்ளிக்கூட வாசலிலேயே இருந்தது. அவளை அங்கே விட்டுப் படிக்க வைப்பதென்று முடிவாயிற்று. போகிற அன்று மாமாதான் அவளைச் சுமந்து தடி கடத்தினார், பின்னால் அவள் பையோடு நான்.

"எப்பா, ஆடாதிங்க. எலே, நீ எதுக்கு இளிக்கிய?"

நானாவது, இளிப்பதாவது. மழை, முகம் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

முதலில் வெள்ளிக்கிழமை தோறும் மாமா போய் அழைத்து வந்தார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இந்த வருஷக் கிராமசபைக்கு எங்கள் கரை முழுக்கப் போனது. வேதமணித் தாத்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பேசினாள். பாலம் திட்டத்தில் சேர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமை மாமா காரோட்டுக்குப் புறப்பட்டபோது சித்தி வீட்டுக்குப் பழுத்த பலாச்சக்கை ஒன்று கொண்டுபோனார், சுமக்க நான்.

"மக்கா, நமக்கு பாலம் பாஸாயாச்சு! அடுத்த வருசம் நீ நடந்தே வரலாம்."

ஜெஸ்மி சிரித்தாள். "நல்ல காரியம் அப்பா. அம்மைக்கு மீனு வாங்கப் போக சுகமாட்டு இருக்கும்." பிறகு, விருந்தாளியிடம் சொல்வதுபோல மெதுவாக: "இந்த வாரம் நான் வரல்ல. கிளாஸ் கூட்டுக்காரிய சேந்து படிக்க வாறாவ. பத்தாம் கிளாஸ் முடியது வரை இஞ்சயே நின்னு படிக்கட்டா? சித்திக்கும் சரியாக்கும்."

"படி மக்களே" என்றார் மாமா.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டார். மாமா மூன்று என்றார். நான் அவர் கையைத் தொட்டேன்.

"இல்ல, ரெண்டு."