மஞ்சள் தண்ணீரில் குளித்த இரும்பு

பெரியநாயக்கன்பாளையத்தில் பாலுசாமியின் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குப் பின்புறம்தான் ரங்கராஜின் வீடு. கல்கரி எரித்து இரும்பை உருக்கும் உயரமான கூப்போலா உலை பவுண்டரியில் இருந்தது. அதன் மேலே ஏறி நின்று கரியும் பழைய இரும்பும் கொட்டுவது ரங்கராஜின் வேலை. அந்தப் புகை நேராக அவர் மனைவி சென்னியம்மாள் காயப்போட்ட துணியில் வந்து உட்காரும். திட்டிக்கொண்டே மறுபடி துவைப்பாள்.

தொண்ணூற்றாறில் புகையைக் குறைக்கச் சொல்லி அதிகாரிகள் நெருக்க, பாலுசாமி கரண்டு உலை வாங்கினார். கூப்போலாவுக்கு ஆறு பேர் வேண்டும். இதற்கு இரண்டு பேர் போதும்.

"பழச ஆரு முன்ன நின்னு இடிச்சுத் தாரீங்களோ, அவங்களுக்குத்தானுங்க புதுசுல வேலை," என்றார். மரியாதையில் மட்டும் மனிதர் குறை வைக்கமாட்டார்.

ரங்கராஜ் வெறிபிடித்தவர் போல இடித்தார். கூட வேலை பார்த்தவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலை கிடைத்தது.

முதல் உருக்கு அன்று பூஜை. முதல் இரும்பை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி உலையில் போடுவது அங்கே வழக்கம். போடுகிறவர் எப்போதும் ரங்கராஜ்தான். கூப்போலாவில் ஈர இரும்பு நெருப்புக்கு இறங்குவதற்குள் காய்ந்துவிடும். கரண்டு உலையிலோ உருகிய குழம்பு வாய்வரை நிற்கும். ஈரம் உள்ளே போனால் வெடிக்கும். உலையைப் பொருத்த வந்த எஞ்சினியர் காலையிலேயே சோதனைக்கு இரும்பை உருக்கி வைத்துவிட்டு இதைப் பாலுசாமியிடம் சொல்லியிருந்தார். ரங்கராஜிடம் யாரும் சொல்லவில்லை. பூஜையைத் தடுத்தால் தொழிலுக்கு ஆகாதாம்.

தண்ணீர் சொட்டும் பழைய பம்பின் இரும்புக் கூட்டை ரங்கராஜ் தூக்கினார். பாலுசாமி மெல்ல நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"போடுங்க ரங்கராஜு, நல்ல நேரம் போகுது," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

வலது கண் போயிற்று. பாதி முகம் வெந்து இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைக் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

புகையில்லாத பவுண்டரியைப் பார்க்க அடிக்கடி ஆட்கள் வருவார்கள். பாலுசாமி கேட்டருகே நின்று காட்டுவார். "இவருதானுங்க, கரண்டு உலைக்கே மஞ்சத்தண்ணி ஊத்துனவரு."

எல்லோரும் சிரிப்பார்கள். கேட்டு வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் ரங்கராஜும் சேர்ந்து சிரிப்பார். வாயில் ஒரு பக்கம்தான் திறக்கும்.

பின்புறம் கொடியில் துணி போடும் சென்னியம்மாளுக்கு அந்தச் சிரிப்பு கேட்கும். துணியெல்லாம் இப்போது வெள்ளை வெளேரென்று காய்கிறது. அவள் யாரையும் திட்டுவதில்லை.