அண்ணியின் கம்பிக்கொடி

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டின் மாடி ஜன்னலில் இருக்கும் கம்பி வேலை டீ வடிகட்டியைப் பார்த்துச் செய்தது. அந்த வீட்டுக்காரருக்கே அது தெரியாது. முனையில் இருக்கும் கடிகாரக் கடைக்காரர் வீட்டு வாசல் கதவில் மேலிருந்து கீழ்வரை இறங்குவது என் தலைப்பின்னல். ஒரு நாள் அண்ணி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, "அசையாம இரு பாப்பா" என்று சொல்லிவிட்டு எதையோ தேடிப் போனார். கரித்துண்டோடு திரும்பி வந்து, என் முதுகுக்குப் பின்னால் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வரைந்தார். நான் பாதிப் பின்னலோடு அசையாமல் இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இப்போதும் அந்தக் கதவைக் கடக்கும்போது என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போகும்.

பட்டறை எங்கள் வீட்டின் முன்பாதி. பின்பாதியில் நாங்கள் குடியிருக்கிறோம். நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் இரும்பு, இந்தப் பக்கம் சோறு என்பார் அப்பா. ஜன்னல் கிரில், வாசல் கேட், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் செய்வோம். செய்து முடித்த இரும்புக்குச் செம்மண் நிறத்தில் முதல் பூச்சு அடிப்பது என் வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து அதைத்தான் செய்கிறேன். கையில் பிரஷ் இருந்தால் யாரும் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. நாம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அதனால்தான் எனக்குத் தெரியும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி எதையும் சும்மா பார்த்ததில்லை என்று. அதற்கு முன் அவர் தையல் கடையில் இருந்தவர். பிஸ்கட்டைக் கடிப்பதற்கு முன் திருப்பிப் பார்ப்பார். பிரம்பு நாற்காலியின் முதுகை விரலால் தடவுவார். பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் ஸ்வெட்டரைப் பார்த்தபடி இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். அவர் சமையலறைத் தரையில் போடுவதை அண்ணன் மனசில் வாங்கிக்கொண்டு பட்டறையில் சொல்வார். பட்டறையில் கோடு போடும் உரிமை அப்பாவுக்கு மட்டும்தான். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். மகன் சொல்வதைக் கேட்டு அவரே சிமெண்ட் தரையில் வரைவார். "என் பையன் மண்டையில சரக்கு இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அண்ணி கதவுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டு அதைக் கேட்பார்.

அது வெளியே வந்தது பல் டாக்டரம்மாவால்.

அவர் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "அந்தப் பின்னல் கதவு யார் டிசைன்?" என்று கேட்டார்.

"என் பையன்தாங்க" என்றார் அப்பா.

அண்ணன் வெல்டிங் மூடியை நெற்றிக்கு ஏற்றினார். "இல்லப்பா. அவதான் போட்டது. எல்லாமே அவதான்."

"எல்லாமேன்னா?"

"வடிகட்டி ஜன்னல்லேர்ந்து."

பட்டறையில் இன்னொரு ஆள் உண்டு. டீ குடிக்கும்போதுகூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாததால் அவருக்குப் பெயரே கண்ணாடி. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப இத்தனை நாளா எங்ககிட்ட நீ சொன்னது கம்பி கட்டுற கதைதானா?"

அப்பா சிரிக்கவில்லை. டாக்டரம்மா சிரித்தார். புதிதாகக் கிளினிக் கட்டியிருக்கிறார். சாலையைப் பார்த்து வரிசையாக ஒரே அளவில் நாலு ஜன்னல். "பிள்ளைங்க வரும்போதே அழுதுட்டு வருதுங்க. நேர்க்கம்பி போட்டா ஜெயில்னு நினைச்சுக்கும். பாக்க நல்லா ஏதாவது வேணும்."

"பல்லு பிடுங்கற இடத்துக்கு அழகு எதுக்குங்க?"

"அதுக்குத்தாங்க வேணும். நீங்களும் கம்பி கட்டறவங்க, நானும் பல்லுக்குக் கம்பி கட்டறவ. நமக்குள்ள என்ன?"

அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தே பேசினார். "இந்த ஒரு வேலைக்கு நீயே கோடு போடும்மா. பட்டறைக்கு வந்து, எல்லாரும் பாக்கப் போடு. சரியா வந்துச்சுன்னா இனிமே இங்க கோடு உன்னோடது. வரலைன்னா நேர்க்கம்பியோட நிறுத்திக்குவோம். துணி வேற, இரும்பு வேற. துணின்னா பிரிச்சுத் தச்சுக்கலாம்."

"சரி மாமா" என்றார் அண்ணி.

அப்பா பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். இரண்டாக உடைத்து, பாதியை அண்ணியின் தட்டருகே வைத்துவிட்டு, மீதியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

அளவெடுக்க அண்ணியோடு நானும் போனேன். பழைய கிளினிக்கின் பொருள்களெல்லாம் புது இடத்துக்கு வந்திருந்தன. காத்திருக்கும் அறையில் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் வாரப் பத்திரிகைகள், அவற்றுக்கு அடியில் ஒரு விரிப்பு. விரிப்பின் ஓரம் முழுக்கப் பச்சை நூலில், சங்கிலித் தையலில் ஒரு கொடி. அண்ணி பத்திரிகைகளைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். அளவு டேப் என் கையிலேயே இருந்தது.

"யார் போட்டது?"

டோக்கன் கொடுக்கும் அக்கா தயங்கி எழுந்தார். "நான்தாங்க. சும்மா இருக்கற நேரத்துல. மேஜையில இங்க் கொட்டிடுச்சு. அதை மறைக்கத்தான்."

"இதை ஜன்னல்ல போட்டுக்கலாமா?"

"மேஜை விரிப்பையா? ஜன்னலுக்கு ஸ்கிரீன் தனியா வாங்கியிருக்காங்களே."

அண்ணி விளக்கிச் சொன்னார். அந்த அக்கா தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கேலி செய்கிறோம் என்று நினைத்திருப்பார். அந்தக் கொடியில் ஒரே ஒரு இலை மட்டும் மற்ற இலைகளுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்ததை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார்.

மறுநாள் அண்ணி கதவைத் தாண்டி வந்து, சிமெண்ட் தரையில் நாலு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார். வாசல் பக்கத்து ஜன்னலில் வேர். அங்கிருந்து கொடி கிளம்பி, சட்டத்துக்குச் சட்டம் தாண்டி, நாலாவது ஜன்னலில் பூக்க வேண்டும். சங்கிலித் தையலுக்கு என்ன செய்வது என்று அண்ணன் கேட்டார். இரண்டு மெல்லிய கம்பிகளை ஒன்றாக முறுக்கச் சொன்னார் அண்ணி. முறுக்கியதும் அது நூல் போலவே இருந்தது. கண்ணாடி, இரும்புத் தகட்டில் இலை வெட்டினார். "நரம்பு வேணுமா, இல்ல பூச்சி அரிச்ச மாதிரி ஓட்டையும் வேணுமா?" என்று கேட்டபடியே ஒவ்வொரு இலையின் ஓரத்தையும் பொறுமையாகச் சுத்தியலால் தட்டி வளைத்தார்.

அப்பா தூரத்திலிருந்து பார்த்தார். ஒரு தடவை மட்டும் கேட்டார். "அந்த ஒரு இலை ஏன் திரும்பியிருக்கு?"

"அது அப்படித்தான் மாமா."

கோட்டின்மேல் கம்பியை வைத்து, மேலிருந்து வெல்டிங்கில் பற்ற வைத்தார்கள். நான் செம்மண் பூச்சு அடித்தேன், பிறகு கறுப்பு. ஒரு இலையையும் விடாமல் அடித்தேன்.

பொருத்தும் நாள் காலையில் நாலு சட்டங்களையும் அதனதன் ஜன்னலுக்குக் கீழே சாய்த்து வைத்தார்கள். நாங்கள் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தோம்.

கொடி இல்லை. நாலு துண்டுகள் இருந்தன. முதல் ஜன்னலில் மேலே முடிந்த கம்பி, அடுத்ததில் கீழே எங்கேயோ தொடங்கியது. வேர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

"தரையில சரியாத்தானே இருந்துச்சு" என்றார் கண்ணாடி.

அண்ணன்தான் கண்டுபிடித்தார். பற்ற வைத்த தழும்பெல்லாம் மேல்பக்கம் விழும். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் வழவழவென்று இருக்கும். அந்த நல்ல பக்கத்தைத்தான் எப்போதும் சாலைக்குக் காட்டுவோம். அப்படித் திருப்பும்போது இடது வலதாகிவிடும். இத்தனை வருஷம் யாருக்கும் அது உறைத்ததில்லை. நேர்க்கம்பிக்கு ஏது இடது, ஏது வலது? வடிகட்டியும் பின்னலும்கூட எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். ஒரு திசையில் போகும் வேலை எங்கள் பட்டறைக்கு இதுதான் முதல் தடவை.

தழும்புப் பக்கத்தை வெளியே காட்ட முடியாது. சுவரில் பதிக்கும் கால்களும் அந்தப் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் ஒரு சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். இலையெல்லாம் வாடிய கீரையாகத் தொங்கியது.

அப்பா திட்டவில்லை. "பரவால்லம்மா. நேர்க்கம்பி வண்டியில அனுப்பச் சொல்றேன்" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "தையல் கடையில சேர்ந்த புதுசுல ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டிட்டேன் பாப்பா. அதே தப்பு இது." சொல்லிவிட்டு என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று கிளினிக்குக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன். காத்திருக்கும் அறையில் பத்திரிகைகளை நாற்காலியில் போட்டுவிட்டு விரிப்பை உருவினார்.

"ஐயோ, அந்தப் பக்கம் திருப்பாதீங்க. ஒரே முடிச்சா இருக்கும்" என்றார் டோக்கன் அக்கா.

அண்ணி திருப்பிவிட்டார். பின்பக்கம் முடிச்சும் பிசிறுமாகத்தான் இருந்தது. ஆனால் கொடி அறுபடவில்லை. முன்பக்கம் இடமிருந்து வலம் போனது, பின்பக்கம் வலமிருந்து இடம் வந்தது. அவ்வளவுதான்.

"ஒவ்வொண்ணா திருப்பினதுதான் தப்பு" என்றார் அண்ணி. "மொத்தமா திருப்பணும்."

வெளியே வந்து சொன்னார். "வாசல் ஓரத்துல இருக்கறதை அந்தக் கோடிக்குக் கொண்டு போங்க. கோடியில இருக்கறது இங்க வரட்டும். நடுவுல இருக்கற ரெண்டும் இடம் மாறட்டும்."

கண்ணாடிக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் தூக்கினார். அப்பாவும் ஒரு முனையைப் பிடித்தார். நாலாவது சட்டம் சுவரில் சாய்ந்ததும் எல்லோரும் சாலையைக் கடந்தோம்.

கோடியில் இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வேர். அங்கிருந்து கிளம்பிய கொடி எங்கேயும் அறாமல் ஜன்னல் ஜன்னலாக ஏறி இறங்கி, வாசலுக்கு வந்து பூத்திருந்தது. கண்ணாடி தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் எப்படி இருக்கும் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரம்மா வந்ததும் அண்ணி எதையும் மறைக்கவில்லை. "நான் வேற மாதிரி நினைச்சேங்க. பூ அந்தக் கடைசியில வரணும்னு. திசை மாறிப்போச்சு. உங்களுக்குப் பிடிச்சாத்தான் சிமெண்ட் வைப்போம்."

டாக்டரம்மா வேரிலிருந்து பூ வரை நடந்து பார்த்தார். "வாசல்ல பூ இருக்கறதுதான் எனக்கு வேணும். வையுங்க."

பின்னாலேயே டோக்கன் அக்கா வந்து, இரண்டாவது ஜன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டார். எதிர்ப்பக்கம் திரும்பியிருந்த அந்த ஒற்றை இலையை விரலால் தொட்டார்.

"இது நான் தப்பா போட்ட இலை."

"அதனாலதான் அது உங்க கொடி. இல்லைன்னா யார் வேணா போட்டிருக்கலாம்" என்றார் அண்ணி.

அந்த அக்கா அன்று டோக்கன் வாங்க வந்த ஒவ்வொருவரையும் வெளியே கூட்டி வந்து அந்த இலையைக் காட்டினார்.

சிமெண்ட் பூசிக்கொண்டிருக்கும்போது மெயின் ரோட்டு ரெடிமேட் கிரில் கடைக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தினார். "என்ன, கொடி அந்தக் கோடியிலேர்ந்து வருது? வாசல்லேர்ந்துல்ல கிளம்பணும்?"

"குழாய் அங்கதானே இருக்கு. தண்ணி இருக்கற இடத்துலதான் வேர் பிடிக்கும்" என்றார் அப்பா. "யோசிச்சுத்தான் போட்டிருக்கு. என் மருமக வேலை."

அண்ணன் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். கண்ணாடிக்குத் திடீரென்று இருமல் வந்தது. அண்ணியின் முகம் நிறைந்திருந்தது. எனக்கும் அப்படித்தான்.

அடுத்த வேலையாகப் படிக்கட்டுக் கைப்பிடி கேட்டு ஒருவர் பட்டறைக்கு வந்தார். எப்படி வரும் என்று ஒரு கோடு போட்டுக் காட்டச் சொன்னார். அப்பாவின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது, அந்தப் பாதி சாக்பீஸையும் எடுத்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"உங்க அண்ணிகிட்ட குடு. கோடு போடறவ அவதான்."

நான் பிரஷைக் கீழே வைத்துவிட்டு நடுக்கதவைத் திறந்தேன். அண்ணி முறுக்குக் கம்பியில் செய்யக்கூடிய எதையோ பார்ப்பது போல, கையில் இருந்த துடைப்பத்தின் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.