கம்பியை வெட்டியெறிந்த தேசிங்கு அண்ணன்

தேசிங்கு அண்ணன் போய்விட்டார்...

காலையில் அவர் மகன் போன் செய்து சொன்னான். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது.

என் பிரெண்ட்ஸ் லிஸ்டில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. எழுபதுகளில், காக்களூர் பக்கம் ஒரு பேக்கிங் பெட்டிப் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். மெஷின்களைக் கப்பலில் அனுப்புவதற்கான பெரிய மரப்பெட்டிகள். அவர் பலகை அறுப்பார். நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் ஆணி அடிப்போம்.

அதுவரை எல்லாம் கை ரம்பம்தான். ஒரு நாள் முதலாளி மெட்ராஸிலிருந்து கரண்டில் ஓடும் வட்ட ரம்பம் ஒன்று வாங்கி வந்தார். கையில் பிடித்துத் தள்ளி அறுக்கிற மெஷின். பிளேடின் கீழ்ப்பாதிக்கு ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி. மரத்துக்குள் போகும்போது விலகும், வெளியே வந்ததும் பட்டென்று மூடிக்கொள்ளும்.

எங்கள் மேஸ்திரிக்கு அந்த மூடி ஆகவே ஆகாது. சிக்குகிறது, வேலை லேட் ஆகிறது என்று கம்பி போட்டு அதை மேலே தூக்கிக் கட்டிவிட்டார்.

அடுத்த வாரமே நடந்தது.

இரண்டு பெட்டிகளின் மேல் பலகையைக் கிடத்தி அண்ணன் அறுத்துக்கொண்டிருந்தார். பலகை நடுவில் தொய்ந்து பிளேடை இறுக்கிக்கொண்டது. மெஷின் அவர் பக்கமாகத் துள்ளியது. பிளேடுக்கு மூடி இல்லை. இடது கையில் இரண்டு விரல்கள்...

நான்தான் துணியைச் சுற்றிக் கட்டினேன். லாரியில் ஏற்றும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "மெஷின ஆஃப் பண்ணாங்களா கோமளா?"

கை ஆறி வந்தவருக்கு கேட்டில் வாட்ச்மேன் வேலை தருவதாக முதலாளி சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"எனக்கு அந்த ரம்பந்தான் வோணும் மொதலாளி."

"ஊட்ல இன்னா சொல்வாங்கப்பா?"

"ஊட்ல சொல்லிட்டுதான் வந்து கீறேன்."

வீட்டில் அண்ணி பல நாள் அவரோடு பேசவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

மெஷினைக் கையில் வாங்கியதும் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டி வீசினார். மூடியில் அப்பியிருந்த மரப்பிசினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். விட்டால் தானாக மூடுகிறதா, விட்டால் மூடுகிறதா... மூடும் வரை துடைத்தார்.

பெட்டிகளின் மேல் வைத்து அறுக்கும் பழக்கமும் அன்றோடு போயிற்று. பலகைக்கு இரண்டு ஸ்டாண்டு அடித்தார்; பலகையை அதோடு கிளாம்பு போட்டு இறுக்கிவிடுவார். அறுபடும் துண்டு தொங்கிப் பிளேடை இறுக்காமல் தனியாகக் கீழே விழும்படி வைப்பார். பலகையின் கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே பிளேடை இறக்குவார். வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்வார். பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக நிற்பார். இரண்டு கையும் மெஷின் மேல்தான் இருக்கும்.

ஒரு தடவை பலகையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டார்.

"நீ புடிக்காத கோமளா. கிளாம்பு புடிக்கட்டும். அதுக்கு வெரல் இல்ல."

சிரிக்காமல் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

சுவிட்சை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு நொடி நிற்பார். ஒரு நாள் கேட்டே விட்டேன். "பயமா கீதாண்ணா?"

"கீது. தெனமுந்தான் கீது. அதுக்கோசரம் வுட்டுட முடியுமா?"

அப்புறம் அந்த அவசர ஆர்டர்... மறுநாள் காலை பெட்டிகள் ஹார்பரில் இருக்க வேண்டும். அண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து மேஸ்திரி மறுபடியும் மூடியைக் கம்பியால் கட்டி, எல்லப்பனிடம் மெஷினைக் கொடுத்துவிட்டார். எல்லப்பன் புதுசாகச் சேர்ந்தவர், கல்யாணம் ஆகி மாதம்கூட ஆகவில்லை.

சத்தம் கேட்டு அண்ணன் கழுவாத கையோடு ஓடி வந்தார். நேராகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். பிளேடு சுற்றி ஓயும் வரை அதையே பார்த்தார். நின்றதும் எல்லப்பன் கையிலிருந்து மெஷினை வாங்கிக்கொண்டார்.

"கப்பல் போயிடும், இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற?" என்று மேஸ்திரி கத்தினார்.

"போவட்டும். கட்டி வெச்சுகினு ஒருத்தனும் இங்க அறுக்கக் கூடாது."

முதலாளி வந்தார். மேஸ்திரி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். என்ன நினைத்தேனோ தெரியாது, என் சுத்தியலைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பட்டறையில் சத்தமே இல்லை.

முதலாளி எங்களையெல்லாம் ஒரு முறை பார்த்தார். "அவுத்துடு தேசிங்கு" என்றார்.

அண்ணன் அவிழ்த்தார். பொழுது சாயும் வரை அவரே நின்று அறுத்தார். நாங்கள் அடித்து அடித்து அடுக்கினோம். ஒரு பெட்டி மட்டும் பாக்கி, அது முடியும் வரை லாரி காத்து நின்றது. எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். பெட்டிகள் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பட்டறை மூடும் வரை அந்த மூடியில் யாரும் கை வைக்கவில்லை. எல்லப்பனும் பிறகு அண்ணனைப் போலவே நின்று அறுக்கக் கற்றுக்கொண்டார்.

இன்று சாயங்காலம் ஆரணியில் எடுக்கிறார்கள். முட்டிவலியோடு அவ்வளவு தூரம் எதற்கு என்கிறாள் என் மகள்... பஸ் ஏறிவிட்டேன்.

நான் வரும் வரை எடுக்கக் கூடாது என்று அவர் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

வந்துகினே கீறேண்ணா.