எங்கள் வீட்டில் நான்காவது ஆள்

"அக்கா, உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு?"

போன செவ்வாய்க்கிழமை மதியம் செந்தில் இப்படித்தான் ஆரம்பித்தான். செந்தில் என் டீமில் வேலை பார்க்கிறவன். வாடிப்பட்டியிலிருந்து தினமும் பைக்கில் வருவான். கேள்வியைக் கேட்டானே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு பேரு. நான், வீட்டுக்காரர், அம்மா. ஏன் செந்தில்?"

"மெஷின் நாலுங்குது."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உங்களோடு வாராவாரம் அரட்டை அடிக்கிற நேரம் போக, நான் ஒரு டேட்டா சயின்டிஸ்ட். ஒரு வீடியோ ஆப் கம்பெனிக்காக, ஜனங்கள் ஸ்கிரீனை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். "அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்குறதுக்குச் சம்பளமா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று விளக்க ஆரம்பிப்பேன்... பாதியில் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

உங்களைத் தெரிந்துகொள்ள உங்கள் பெயர் எங்களுக்கு வேண்டாம். விரல் போதும். என் வீட்டுக்காரர் தோசைக்கல்லைத் துடைப்பதுபோல ஸ்கிரீனை ஒரே இழுப்பாக இழுப்பார். நான் பிடிக்காததைச் சட்டென்று தாண்டிவிடுவேன். அம்மா ஒரு தடவை தொட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்து, நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை தொடுவார். வீட்டில் இருப்பது ஒரே டேப்லெட், ஒரே அக்கவுன்ட்தான். ஆனாலும் மெஷின் தானாகவே ஆட்களைப் பிரித்து, ஆளுக்கொரு ரசனையை எழுதி வைத்துக்கொள்ளும்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஸ்கிரீன் ஓடும், எதிரே ஆள் இருக்காது. டேப்பை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவோம், இல்லையா? சந்தேகம் வந்தால் ஆப் கேட்கும்: 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' ஆள் இருக்கிறார் என்று உறுதியானால் கேட்காது. ஆளே இல்லை என்று முடிவானாலோ, அந்த ஆளுக்கென்று எழுதி வைத்த ரசனையை அடியோடு அழித்துவிடும். அழிக்கச் சொல்லும் அந்த விதியை எழுதியது நான்தான். வெள்ளிக்கிழமை முதல் அமலுக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க, எங்கள் வீடுகளின் அக்கவுன்ட்டுகளையே கொடுத்திருந்தோம். மெஷின் காட்டுகிற ஒவ்வொரு ஆளுக்கும் 'ஆள் உண்டு', 'ஆள் இல்லை' என்று சரியான விடையை நாங்கள் போட வேண்டும்; அதைப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளும். அம்மாவிடம் அனுமதி கேட்டபோது, "நல்லாப் பாத்துக்க. நாம என்ன கள்ளக் கடத்தலா பண்றோம்?" என்றார்.

சரி, யார் அந்த நான்காவது ஆள்?

மதியத்தில் மட்டும் வருகிறவர். ஸ்கிரீனைத் தொடுவதே இல்லை. எதையும் தாண்டுவதில்லை. சத்தத்தைக் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. ஒவ்வொரு வீடியோவையும் கடைசிவரை, அசையாமல் பார்க்கிறார். ஆப் அந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் ஒரு விரல் வந்து 'ஆமாம்' என்று அழுத்திவிட்டுப் போகிறது.

"என்ன வீடியோ?" என்றேன்.

"போர்வெல் போடுறதுதான்க்கா. வரிசையா போர்வெல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

எங்கள் நிலம் உசிலம்பட்டிப் பக்கம். அப்பா அதில் போட்ட போர்களில் புழுதிதான் பறந்தது. அதற்கப்புறம் அவருக்கு ஒரே பொழுதுபோக்கு, எவன் தோட்டத்திலோ போர் போடுகிற வீடியோவைப் பார்ப்பது. தண்ணீர் பீய்ச்சியடிக்கிற நேரத்தில், "வந்துருச்சு... வந்துருச்சு!" என்று தெருவே கேட்கக் கத்துவார். முன்பின் தெரியாதவன் வீட்டுத் தண்ணீருக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்பா போன ஐப்பசியில் இறந்துவிட்டார்.

பழைய வீடியோக்கள் எப்படியோ ஓடுகின்றன என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். பட்டியல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எல்லாமே புதியவை. அப்பா போன பிறகு தோண்டிய போர்கள்.

"அக்கா, எதுக்கும் வீட்டுக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. கதவு கிதவு சரியாப் பூட்டியிருக்கான்னு..." என்றான் செந்தில்.

லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெரு மதிய வெயிலில் ஆளரவமில்லாமல் கிடந்தது. வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே, அப்பாவின் அறைக் கதவும் சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் போர் வண்டியின் இன்ஜின் சத்தம்.

கதவைத் தள்ளினேன்.

அறையில் யாரும் இல்லை. மேஜையில் அப்பாவின் படம், புதுப்பூ. படத்துக்கு எதிரே சொம்பில் சாய்த்து வைத்த டேப். அப்பா பார்க்கத் தோதாக, கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருந்தது. ஸ்கிரீனில் சேறும் தண்ணீருமாகப் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. கத்துவதற்குத்தான் யாரும் இல்லை.

சட்டென்று படம் நின்றது. 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?'

எங்கள் ஆப் கேட்கும் அதே கேள்விதான். அப்பாவின் முகத்துக்கு நேரே அது நின்றது. இப்படியா ஒருவரிடம் கேட்பது?

பின்னாலிருந்து அம்மா வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, 'ஆமாம்' என்று அழுத்தினார். ஒரே ஒரு தடவை. வழக்கமான இரண்டாவது தொடுகை இல்லை. பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"என்னத்தா, இம்புட்டு வெள்ளன வந்துட்ட? வெளிய வா, கதவைச் சாத்தணும்."

"எதுக்கும்மா சாத்தணும்?"

"படையல் போட்டா என்ன செய்வோம்? எலையைப் போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வெளிய நிக்கிறதில்லையா? நாம நின்னா அவுக எப்பிடிச் சாப்புடுவாக? அது மாதிரிதான். போட்டு விட்டுட்டு நான் அடுப்படிக்குப் போயிருவேன். அந்தக் கேள்வி வந்தா மட்டும் வாரேன். அவரால அமுக்க முடியாதுல்ல."

எங்கள் மெஷினின் கணக்கில் படையலுக்குத் தனி இடம் இல்லை.

அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கவனிச்சியா? ஒங்கப்பாவுக்கு இப்ப போர்வெல்லு சலிக்க ஆரம்பிச்சிருச்சு. நடுநடுவுல மல்லிகை வெவசாயமும் பாக்குறாரு. உசிரோட இருந்தப்ப பூவுன்னாலே ஒதுங்கிப் போற மனுசன்... எப்பிடி மாறிட்டாருன்னு பாரேன்."

எனக்குத் தெரியும். ஒரு வீடியோ முடிந்தால் அதைப் போன்ற இன்னொன்றை மெஷின் தானாகப் போடும். போர்வெல்லிலிருந்து சொட்டுநீர், சொட்டுநீரிலிருந்து மல்லிகை. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். இறந்த மனிதருக்கு ரசனை வளர்ந்துகொண்டிருக்கிறது. வளர்ப்பது என் கம்பெனி. வெள்ளிக்கிழமை அழிக்கப்போவது நான்.

அழித்தால் என்ன ஆகும்? மறுநாள் மதியம் அம்மா டேப்பைத் திறப்பார். யாரோ டான்ஸ் ஆடுவார்கள், யாரோ பிரியாணி கிண்டுவார்கள். அப்பாவுக்கு என்று எதுவும் வராது. அம்மாவுக்கு இன்னொரு தடவை துக்கம்... அதற்குப் பந்தல் போட ஊரில் யாரும் வரமாட்டார்கள்.

அப்போதுதான் செந்தில் போன் செய்தான். "அக்கா, என்ன ஆச்சு? சோதனைக்கு விடை போடணும். அந்த நாலாவதை 'ஆள் இல்லை'ன்னு போட்டுரவா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் போல. அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

எத்தனையோ வருஷப் படிப்பு, எத்தனையோ வருஷ வேலை. ஆள் உண்டா, இல்லையா என்று கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்? ஒருவருக்காக ஓடுகிற வீடியோவை வெறும் ஓட்டம் என்று எப்படி எழுத?

"'ஆள் உண்டு'ன்னு போடு, செந்தில்."

"போட்டா மெஷின் அதையே கத்துக்கிரும்க்கா."

"கத்துக்கிரட்டும்."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அப்பா அழியவில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அறைக்குள் யாரோ பூப்பறிப்பதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படி வாசலில் நின்று, எழுந்துபோகத் தயாராகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"என்னம்மா?"

"அது இப்ப கேக்குறதே இல்லத்தா," என்றார் அம்மா. "உள்ள இருக்காருன்னு நம்பிருச்சு போல."

மெஷின் நம்பட்டும், அம்மா நம்பட்டும்... நான் ஒரு படித்த பெண். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் போவதென்றால், இப்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறேன்.