மாமாவுக்கு நாற்பத்தொரு மேற்கோள்

வானியல் ஆய்வகத்து நூலகரை எல்லோரும் 'எடைக்கல்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆய்வகம் நடத்திய இதழ் எவ்வளவு கனம் என்று வருடந்தோறும் நிறுத்துச் சொல்வது அவர் வேலை. முந்தைய இரண்டு வருடங்களில் இதழில் வந்த கட்டுரைகளை இந்த வருடம் எத்தனை இடத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி, கட்டுரைகளின் தொகையால் வகுக்க வேண்டும். வருகிற எண்தான் இதழின் மானம்.

வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாமா, அக்கா கணவர். அங்கேயே வானியலாளர். ஒளி கூடிக் குறையும் ஒரே நட்சத்திரத்தை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர். படித்துவிட்டுச் சும்மா சுற்றிய மச்சானை வீட்டில் வைத்துச் சோறு போட்டு, இயக்குநர் கையைக் காலைப் பிடித்து உள்ளே நுழைத்தார். அந்த உதவி எடைக்கல்லுக்குத் தொண்டையில் முள்ளாகவே நின்றது.

புதிதாக வந்த இதழாசிரியர் எண்ணை ஏற்றியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கீழே இழுப்பது யாருடைய கட்டுரைகள் என்று கூட்டத்தில் கேட்டார். எடைக்கல் மாமாவை நோக்கிக் கையை நீட்டினார். மாமாவின் கட்டுரைகளை உலகம் பத்து வருடம் கழித்துத்தான் தேடி வரும். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதோடு மாமாவின் கட்டுரைகள் நின்றன. தொலைநோக்கியில் அவருக்கிருந்த நேரமும் போயிற்று. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்தவர், ஒரு காலையில் செய்தித்தாள் மடியில் கிடக்கப் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் விசாரிக்க வந்த இதழாசிரியர் எடைக்கல்லைத் தெருமுனை வரை அழைத்துப் போனார்.

"இரங்கல் குறிப்பு கட்டுரைக் கணக்குல சேராதுல்ல?"

"சேராது சார். ஆனா அதுக்குள்ள காட்டுற மேற்கோளை எண்ணுவாங்க."

"அப்ப நீங்களே எழுதுங்க. கொஞ்சம் நீளமா."

மாமாவுக்கு ஒரு பத்தி. மிச்ச இரண்டு பக்கமும் 'இத்துறையில் அண்மைப் பணிகள்' என்று இதழின் கடந்த இரண்டு வருடக் கட்டுரைகள், நாற்பத்தொன்று.

அக்கா அந்த இதழைத் துணி சுற்றி அலமாரியில் வைத்தாள். "இத்தனை பேர் இவர்கூட வேலை பாத்திருக்காங்க. எங்கிட்ட சொன்னதே இல்ல பாரு" என்றாள். எடைக்கல் தலையை ஆட்டி வைத்தார்.

அவள் சும்மா இருக்கவில்லை. தொலைபேசி எண்களைத் தேடிப்பிடித்து, நன்றி சொல்ல ஒவ்வொருவராக அழைத்தாள். முதல் ஆளுக்கு அவள் கணவர் யாரென்றே தெரியவில்லை. இரண்டாவது ஆள் எண் மாறி வந்துவிட்டதோ என்று மரியாதையாகக் கேட்டார். மூன்றாமவர் கொஞ்சம் இரக்கமுள்ளவர். எதற்காக இப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

அன்று சாயங்காலம் எடைக்கல் வந்து உட்கார்ந்து டீயை வாயருகே கொண்டுபோகும்போது கேட்டாள்.

"அவர் எழுதுனது ஒண்ணுகூட இதுல இல்லையேடா?"

"அதெல்லாம் பழசுக்கா. கணக்குல வராது."

அக்கா டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி, டீயை வாசலில் கொட்டினாள். "எழுந்திரு" என்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

எண் ஏறியது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எடைக்கல் துணையாசிரியர் ஆனார். அடுத்த வருடம் எண் சறுக்கிவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட இதழாசிரியர், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருப்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எடைக்கல் மறுநாளே ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். படுக்கையருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்து, இதழ் அச்சுக்குப் போவதற்குள் முடிந்துவிடுமா என்பதை நர்ஸிடம் சுற்றி வளைத்து விசாரித்தார்.